‘கிளட்ச் போச்சு’, ‘ஸ்டார்ட் ஆகல’: பழைய பைக் நோய்களுக்கு ஓர் அரிச்சுவடி

எங்கள் வீட்டுப் பழைய புல்லட் ஓர் ஐப்பசி மாதக் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. சித்தப்பா ஓட்டி, அப்பா ஓட்டி, என்னிடம் வந்து சேர்ந்த வண்டி. உதைக்கிறேன், உதைக்கிறேன், ஓர் இருமல்கூட இல்லை. பெரம்பூரில் ஒருவர் தெருவில் நின்று வண்டியை உதைத்தால் ஆலோசனைக் குழு தானாகக் கூடிவிடும். பால் பாக்கெட் வாங்க வந்தவர் “பிளக்கை மாத்துங்க” என்றார். மாடி வீட்டு அண்ணன் “இப்பல்லாம் பெட்ரோலே சரியில்ல” என்றார். இஸ்திரி வண்டிக்காரருக்கு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர் மேல் சந்தேகம். மூன்று பேர் சொன்னதையும் செய்தேன். மூன்றாம் நாளும் அதே கதைதான்.

கடைசியில் வந்து பார்த்த வயதான மெக்கானிக் ஸ்பேனரையே எடுக்கவில்லை. என்னை உதைக்கச் சொல்லிவிட்டு, குனிந்து காதைக் கொடுத்தார். “தம்பி, கிக்கர் மட்டும்தான் இறங்குது. இன்ஜின் சுத்தவே இல்ல. சுத்தாத இன்ஜினுக்குப் பிளக் என்ன பண்ணும்?”

கோளாறு கிளட்சில். அதுவும் நானே உண்டாக்கியது. லீவர் லூசாக இருக்கிறதே என்று முந்தின வாரம் கிளட்ச் ஒயரை இழுத்து இறுக்கியிருந்தேன்.

‘கிளட்ச் போச்சு’ என்று நாம் சொல்வது ஒரு நோயின் பெயர் இல்லை. நேர் எதிரான இரண்டு நோய்களுக்கு ஒரே பெயர். ‘ஸ்டார்ட் ஆகல’ என்பதும் அப்படித்தான், அதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. பெயர் குழம்பினால் வைத்தியமும் குழம்பும்.

கிளட்சைப் பிடித்தால் அது விடுகிறது

வீட்டு கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், நடுவில் பெல்ட். மாவு கெட்டியாகி பெல்ட் தளர்ந்திருந்தால் மோட்டார் ‘ஊ’ என்று சுற்றும், கல் நிற்கும். மோட்டாரில் பழுதில்லை, கல்லிலும் பழுதில்லை. நடுவில் இருக்கும் பிடி விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

பைக்கில் மோட்டாரின் இடத்தில் இன்ஜின், கல்லின் இடத்தில் கியர் பாக்ஸும் பின்சக்கரமும். நடுவில் இருக்கும் பிடிதான் கிளட்ச். பெல்ட்டுக்குப் பதிலாக இங்கே தட்டுகள். இட்லிப் பாத்திரத்தில் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவோமே, அதுபோல ஓர் அடுக்கு. ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வகைத் தட்டுகள். ஒரு வகை இன்ஜினோடு சேர்ந்து சுற்றும்; இன்னொரு வகை கியர் பாக்ஸோடு சேர்ந்து சுற்றும். உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டைத்தான் கடையில் ‘கிளட்ச் பிளேட்’ என்பார்கள். மற்றது வெறும் இரும்புத் தகடு, ‘ஸ்டீல் பிளேட்’. இந்த அடுக்கின் மேல் மூடிபோல உட்கார்ந்து, ஸ்பிரிங்குகளின் பலத்தால் எல்லாவற்றையும் அழுத்திப் பிடித்திருப்பது பிரஷர் பிளேட்.

இங்கேதான் மொழி நம்மைக் கவிழ்க்கிறது. ‘கிளட்சைப் பிடி’ என்கிறோம். ஆனால் நாம் லீவரைப் பிடிக்கும்போது தட்டுகள் ஒன்றையொன்று விடுகின்றன. நாம் விடும்போதுதான் அவை பிடிக்கின்றன. பிடிக்கும் வேலை ஸ்பிரிங்குடையது. பிரிக்கும் வேலை மட்டும்தான் நம் கைக்கு. வண்டி நிறுத்திக் கிடக்கும் இரவு முழுக்கக்கூட கிளட்ச் பிடித்தபடியேதான் இருக்கிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் பாக்கி எல்லாம் தானாக வரும்.

வழுக்கலும் ஒட்டலும்

ஆக, கிளட்ச் இரண்டே வகையில் கெட முடியும். பிடிக்க வேண்டிய நேரத்தில் சரியாகப் பிடிக்காதது ஒன்று. அதை வழுக்கல் என்று வைத்துக்கொள்வோம். விட வேண்டிய நேரத்தில் முழுசாக விடாதது இன்னொன்று. அது ஒட்டல்.

வழுக்கலை மேம்பாலம் காட்டிக்கொடுக்கும். கத்திப்பாராவில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஏறுகிறீர்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிரைண்டரில் பார்த்த அதே காட்சி. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனையும் வரும். இதற்குத்தான் பலர் ‘பிக்கப் இல்ல’ என்று சொல்லி கார்பரேட்டரைக் கழற்றக் கொடுப்பார்கள். பிக்கப் குறைவதற்கும் வழுக்கலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜின் சோர்ந்திருந்தால் சத்தமும் ஏறாது, வேகமும் ஏறாது. வழுக்கினால் சத்தம் மட்டும் ஏறும்.

ஒட்டலைக் காட்டிக்கொடுப்பது சிக்னல். அண்ணா சாலையில் சிவப்பு விழுந்து நிற்கிறீர்கள். கிளட்சை முழுக்கப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது. நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே கால் தவிக்கிறது. இன்ஜினை அணைத்தால் உடனே விழுகிறது. முதல் கியர் போடும்போது ‘டங்’ என்று ஓர் அடி. இதைக் ‘கியர் பாக்ஸ் போச்சு’ என்று நினைத்து பயந்தவர்கள் நிறைய. பெரும்பாலும் கியர் பாக்ஸ் நன்றாகவே இருக்கும். தட்டுகள் பிரியாமல் இன்ஜின் அதைத் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மட்டும் வரும் ஒட்டல் ஒரு தனி ரகம். எவர்சில்வர் தட்டுகளைக் கழுவி ஈரத்தோடு அடுக்கி வைத்தால் காலையில் ஒன்றோடு ஒன்று அப்பிக்கொண்டு வரும் இல்லையா? கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே ஆயில் படலம் அதே வேலையைச் செய்கிறது. பழைய புல்லட்காரர்கள் காலையில் முதலில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை சும்மா உதைப்பார்கள். பார்ப்பவருக்கு ஏதோ சாமி கும்பிடுவதுபோல இருக்கும். அப்பிய தட்டுகளைப் பிரித்துவிடும் வேலை அது.

இதுவரை பார்த்ததில் கையோடு வைத்துக்கொள்ள வேண்டியது: சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்கல். நியூட்ரல் விழாமல் வண்டி நகர்ந்தால் ஒட்டல். ‘கிளட்ச் போச்சு’ என்று சொல்வதற்குப் பதிலாக இந்த இரண்டில் எது என்று சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்தது.

லீவர் முனையில் இருக்கும் ஜாதகம்

லீவரை ஒரு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் கனமே இல்லாமல் சும்மா வரும். அதன்பிறகுதான் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரியும். அந்தச் சும்மா வரும் தூரம்தான் ‘ஃப்ரீ ப்ளே’. 100 சிசி வண்டிகள் பலவற்றில் லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கச் சொல்வார்கள். புல்லட்டில் அதைவிடக் குறைவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

இந்தத் தூரம் சுத்தமாக இல்லையென்றால், நீங்கள் லீவரைத் தொடாதபோதே ஒயர் பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கும். எப்போதும் அரை கிளட்ச். விளைவு வழுக்கல். நான் செய்த தப்பு இதுதான். தூரம் அளவுக்கு மீறினால், லீவர் கைப்பிடியைத் தொட்ட பிறகும் தட்டுகள் முழுசாகப் பிரிந்திருக்காது. விளைவு ஒட்டல். ஒரே திருகு, இந்தப் பக்கம் திருகினால் ஒரு நோய், அந்தப் பக்கம் திருகினால் அதற்கு நேர் எதிர் நோய்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நாள்பட ஒயர் நீண்டு தளரும்போது ஃப்ரீ ப்ளே கூடும். ஆனால் கிளட்ச் பிளேட் தேயும்போது, பெரும்பாலான வண்டிகளில், ஃப்ரீ ப்ளே குறையும். அடுக்கு மெலிந்து பிரஷர் பிளேட் உள்ளே இறங்க, அதைத் தள்ளும் கம்பிக்கும் அதற்கும் நடுவே இருந்த இடைவெளி காணாமல் போய்விடும். யாரும் தொடாமலே லீவர் இறுகிக்கொண்டு வந்தால் உள்ளே பிளேட் தேய்கிறது என்று அர்த்தம். வெளியே இருக்கும் லீவர் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறது.

லீவர் கனமாக, சொரசொரவென்று வந்தால் ஒயரின் உறைக்குள் துரு. கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இது மாதாந்திரப் பிரச்சினை. திருவான்மியூரிலோ எண்ணூரிலோ வண்டி வெளியே நிற்கிறதென்றால் ஒயரின் மேல் முனையில் அவ்வப்போது நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள். முனையில் ஓர் இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் வேண்டாம், ஒயரையே மாற்றுங்கள். அது அறுவது எப்போதும் வீட்டுக்கு வெகு தூரத்தில்தான்.

பிளேட் ஏன் சீக்கிரம் தேய்கிறது? என் கணக்கில் முதல் குற்றவாளி நம் இரண்டு விரல்கள். ஓ.எம்.ஆர். நெரிசலில் லீவர் மேல் விரலைப் போட்டுக்கொண்டே ஓட்டுவது பலருக்குப் பழக்கம். அழுத்தவில்லை என்று நினைத்துக்கொள்வோம். விரலின் கனமே போதும்.

அடுத்த குற்றவாளி தப்பான ஆயில். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடியேதான் வேலை செய்கின்றன. கார் ஆயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். காரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் அங்கே அது நல்லது. பைக்கில் ஊற்றினால் கிளட்ச் பிளேட்டுக்கே வெண்ணெய் தடவியதுபோல ஆகும். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜப்பானியத் தர அடையாளம் அது. ‘எம்.பி’ என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டர் வகைகளுக்கு. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் கிளட்ச் இருக்கும் இடப்பக்க அறைக்குத் தனி ஆயில். இன்ஜின் ஆயிலை மாற்றிவிட்டு இதை வருஷக்கணக்கில் மறந்தவர்கள் உண்டு. நானும் அந்தப் பட்டியலில் இருந்தவன்தான்.

ஒயர் சரி, ஆயில் சரி, அப்படியும் வழுக்குகிறது என்றால் அப்போதுதான் கிளட்சைத் திறக்க வேண்டும். தட்டோடு ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. திறந்த கையோடு தட்டுகள் உட்காரும் டிரம்மின் பல் ஓரங்களை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் தட்டுகள் அதில் சிக்கிக்கொண்டு பிரியாது. புதுத் தட்டு போட்டும் ஒட்டல் தீரவில்லை என்று புலம்புபவர்கள் பார்க்காமல் விட்டது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தைத்தான். ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பழைய வண்டிகளுக்குப் பாகம் தேடிப் போகிறவர்கள், கழற்றிய பழைய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போவது உத்தமம். மாடல் பெயர் சொல்லி வாங்கி வந்து, பல் எண்ணிக்கை பொருந்தாமல் மறுபடி பஸ் ஏறிய அனுபவம் எனக்கு இருக்கிறது.

கிக்கருக்கும் கிளட்சுக்கும் என்ன உறவு?

இப்போது பெரம்பூர் வாசலுக்குத் திரும்பலாம். புல்லட்டில் நீங்கள் கிக்கரை உதைக்கும்போது உங்கள் காலின் பலம் நேராக இன்ஜினுக்குப் போவதில்லை. முதலில் கியர் பாக்ஸ், அங்கிருந்து கிளட்ச், அப்புறம்தான் இன்ஜின். வண்டி ஓடும்போது சக்தி எந்த வழியாகச் சக்கரத்துக்கு வருகிறதோ, உதைக்கும்போது அதில் ஒரு பகுதி வழியாகத் திரும்பிப் போகிறது. கிளட்ச் வழுக்கினால் உதையும் வழுக்கும். பிஸ்டன் காற்றை அழுத்தும் இடத்தில்தான் எதிர்ப்பு அதிகம் என்பதால், சரியாக அந்த இடத்தில் கால் ‘சொய்ங்’ என்று இறங்கிவிடும்.

எல்லா வண்டியும் இப்படி இல்லை. யமஹா ஆர்.எக்ஸ் 100 போன்றவற்றில் உதையின் பலம் கிளட்ச் தட்டுகளைச் சுற்றிக்கொண்டு நேராக இன்ஜினுக்குப் போகும். அதனால்தான் கியரில் இருக்கும்போதே கிளட்சைப் பிடித்து உதைத்து அந்த வண்டியை எழுப்ப முடிகிறது. உங்கள் வண்டி எந்த ஜாதி என்று தெரிய வேண்டுமா? நியூட்ரலில் வைத்து, சாவி போடாமல், கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் அழுத்துங்கள். கனமே இல்லாமல் இறங்கினால் கிளட்ச் வழி. இன்ஜினின் எதிர்ப்பு தெரிந்தால் நேர் வழி.

தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதே பாதைதான், சக்கரத்திலிருந்து தொடங்குகிறது என்பது மட்டும் வித்தியாசம். இரண்டாம் கியர், கிளட்சைப் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் விட்டால் இன்ஜின் சுற்ற வேண்டும். சக்கரம் உருண்டும் இன்ஜின் சுற்றவில்லை என்றால், பிளக்கைத் தொடாமலே தெரிந்துவிட்டது.

‘ஸ்டார்ட் ஆகல’ என்றால் எது ஆகவில்லை?

அந்த மெக்கானிக் கேட்ட கேள்விதான் முதல் கேள்வி: இன்ஜின் சுற்றுகிறதா? சுற்றவில்லை என்றால் பிளக், பெட்ரோல், கார்பரேட்டர் எதற்கும் அங்கே வேலையில்லை. சுற்றுகிறது, ஆனால் ஒரு வெடிகூட இல்லை என்றால் அது இரண்டாவது வகை. பற்றிக்கொண்டு உடனே அணைந்துபோனால் மூன்றாவது. இந்த மூன்றாவதில் பிளக்கும், கலவையை அழுத்தும் கம்ப்ரஷனும் ஏறக்குறைய நல்லபடி இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு பெட்ரோல் பக்கம் தேடலாம்.

சுற்றாதது செல்ஃப் வண்டி என்றால், பட்டனை அழுத்தும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள். ‘டிக் டிக் டிக்’ என்றால் பேட்டரியில் பலமில்லை, அல்லது அதன் முனைகளில் பச்சைப்பூத்த துரு. 12 வோல்ட் பேட்டரி முழுசாக ஏறியிருந்தால், ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12க்குக் கீழே என்றால் அது பட்டினி கிடக்கிறது. மீட்டர் இல்லாவிட்டால் ஹாரனை அடித்துப் பாருங்கள். தொண்டை கட்டியதுபோலச் சத்தம் வந்தால் போதும், விஷயம் புரிந்துவிடும். அப்புறம் ஒன்று. வண்டியில் இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச் இருந்தால் அதை முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் வண்டி மேல் ஏறி விளையாடிய மறுநாள் கார்பரேட்டரைப் பிரித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

தீப்பொறி

கேஸ் அடுப்பு எரிய என்ன வேண்டும்? கேஸ், காற்று, லைட்டர். இன்ஜினுக்கும் பெட்ரோல், காற்று, பொறி வேண்டும். கூடவே அந்தக் கலவையை பிஸ்டன் இறுக்கி அழுத்த வேண்டும். அந்த அழுத்தம்தான் கம்ப்ரஷன்.

12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு, பிளக்கின் முனையில் இருக்கும் காற்றிடைவெளியைத் தாண்டும் பொறி எப்படிக் கிடைக்கிறது? மோட்டார் போட்டு வேகமாகத் தண்ணீர் ஓடும்போது குழாயைப் பட்டென்று மூடினால் பைப்பே ‘டக்’ என்று அதிரும். ஓடிய தண்ணீர் திடீரென்று நிற்க நேர்ந்ததால் வரும் அதிர்ச்சி அது. காயில் என்னும் கம்பிச்சுருளில் இதே தந்திரம்தான். ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். பழைய புல்லட்டில் துண்டிக்கும் வேலையைச் செய்வது ‘பாயின்ட்’, அதாவது இன்ஜினே திறந்து மூடும் ஒரு குட்டி ஸ்விட்ச். அது திறக்கும் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதில் கரி படிந்தால் பொறி சோர்ந்துவிடும். பிந்தைய வண்டிகளில் பாயின்ட் இல்லை, சி.டி.ஐ என்ற மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. சில வண்டிகளில் பொறிக்கான மின்சாரம் இன்ஜினோடு சுற்றும் மேக்னெட்டிலிருந்து நேராக வரும், பேட்டரி செத்திருந்தாலும் உதைத்தால் ஓடும். பாயின்ட் புல்லட் பேட்டரியை நம்பி இருப்பது.

சோதிப்பது எல்லோருக்கும் தெரிந்த முறைதான். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு இன்ஜின் உலோகத்தைத் தொடும்படி வைத்து உதைப்பது. நீலமாக ‘சட்’ என்று வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் பலமில்லை. பிளக்கைக் கையால் பிடிக்காதீர்கள், ஷாக் அடிக்கும். பிளக் துளைக்கு எட்டத்தில் வையுங்கள், உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும். ஒரு பின்குறிப்பு: வெளியே வரும் பொறி உள்ளேயும் வரும் என்று உத்தரவாதமில்லை. அழுத்தப்பட்ட காற்றைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். சந்தேகம் என்றால் புதுப் பிளக் ஒன்றை மாட்டிப் பார்ப்பதே மலிவான வழி.

கழற்றிய பிளக்கின் முகத்தையும் பாருங்கள். ஃபில்டர் காபிப் பொடி நிறம் என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. பிசுபிசுவென்று ஆயில் என்றால், அது இந்தக் கட்டுரையை மீறிய செலவு.

பெட்ரோல் வரும் வழி

நனைந்த பிளக்குக்குக் காரணம் பல சமயம் நாமேதான். சோக் என்பது கலவையில் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டும் ஏற்பாடு. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதற்காக வந்தது. மார்கழியிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னைக் காலையில் அது ஓரிரு உதைக்குத் தேவைப்பட்டால் அதிகம். சோக்கைப் போட்டபடியே இருபது முறை உதைத்தால் உள்ளே குளமாகிவிடும். அப்போது பெட்ரோல் டேப்பை மூடி, சோக்கை எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து ஏழெட்டு முறை உதைத்தால் காற்று போய்க் காய்ந்துவிடும்.

பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேப், ரிசர்வ் பார்த்தாயிற்றா? சரி, டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று சத்தம் வந்து அதன்பின் வண்டி ஓடினால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் வராது, இரண்டாவது போட வேண்டும், அதே சமாசாரம். ‘நாலு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடுகிறது, பத்து நிமிஷம் கழித்து ஓடுகிறது’ என்ற புகாரில் இதுதான் நான் முதலில் பார்ப்பது.

கார்பரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம். வீட்டு சம்ப்பில் மிதவை தண்ணீரை நிறுத்துவதுபோல இங்கேயும் ஒரு மிதவை பெட்ரோலை அளவாக நிறுத்தும். மிதவை ஓட்டையானாலோ, அதன் ஊசியில் தூசி சிக்கினாலோ பெட்ரோல் வழியும். இந்தக் கிண்ணத்திலிருந்து மெல்லிய துளைகள் வழியே பெட்ரோல் மேலே போகிறது. ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும் ஐட்லிங்குக்கான துளை, ‘ஸ்லோ ஜெட்’, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் கோந்துபோலப் படிந்து இந்தத் துளையைத்தான் முதலில் மூடும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஓடும், விட்டால் அணையும் என்ற நோய் இங்கிருந்து வருகிறது. அதைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் அப்புறம் அது வேறு ஜெட். காற்றடித்து ஊதினால் போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. வண்டி இருமினாலே ‘இ20தான் காரணம்’, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம், என்கிறார்கள். அதில் பாதி உண்மை. எத்தனால் தண்ணீரை ஈர்த்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஓரளவைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேப் இருப்பதும் அடியில். பழைய வண்டிகளின் ரப்பர் குழாயும் சீல்களும் இதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. ஆனால் ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்துவிடலாம். கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரண்டு நிமிஷம் நிழலில் அசையாமல் வையுங்கள். அடியில் வழுக்கி ஓடும் தெளிவான முத்துகள் தெரிந்தால், அல்லது ஒரு கோடு பிரிந்து நின்றால், தண்ணீர். முழுக்க ஒரே நிறமாக இருந்தால் பெட்ரோல் மேல் பழி போட்டது போதும்.

கம்ப்ரஷனுக்கு ஒரு வரி: பிளக் துளையில் கட்டை விரலை வைத்து உதைக்கும்போது விரலைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் முதலில் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வு முழுசாக மூட விடும் சிறு இடைவெளியை, பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் பிஸ்டனைப் பற்றிக் கவலைப்படலாம்.

ஆம்ப் மீட்டர் முள் சொல்லும் இடம்

பாயின்ட் புல்லட்டை ஆவேசமாக உதைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கணுக்கால் கூசும். பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் முன்பே பொறி விழுந்து, பிஸ்டனைத் தாண்டவைக்கும் வேகம் உதையில் இல்லையென்றால், வெடிப்பு அதைப் பின்னால் தள்ளும். கிக்கர் திருப்பி அடிப்பது இப்படித்தான்.

அதைத் தவிர்க்க உதவுவது ஹெட்லைட் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஆம்ப் மீட்டர், பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறதா வருகிறதா என்று காட்டுவது. சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்கு மின்சாரம் போவதால் முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கர் கல்லாக இறுகும் இடத்தில் பாயின்ட் திறக்கும், முள் நடுவுக்கு வரும். அங்கே டீகம்ப்ரஸர் லீவரைப் பிடியுங்கள். அது வால்வைத் திறந்து காற்றை விட்டுவிடும். கிக்கரை இன்னும் ஒரு நூல் அழுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு கடைசிவரை ஓர் உதை. பிஸ்டன் உச்சியைத் தாண்டி நிற்பதால், அடுத்த கம்ப்ரஷனைச் சந்திப்பதற்குள் இன்ஜினுக்குள் சுற்றும் கனமான ஃப்ளைவீல் வேகம் பிடித்துவிடும். 1955இல் மெட்ராஸில் தொடங்கி, திருவொற்றியூரில் இந்த வண்டிகளைச் செய்த என்ஃபீல்டு கம்பெனி காலின் பலத்தை நம்பி இதை வடிவமைக்கவில்லை. ஐம்பது கிலோ எடையுள்ள என் சித்தி இரண்டாவது உதையில் எழுப்புவார்.

மழைத் தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தெருவே மூழ்கியபோது நிறைய வண்டிகள் செத்தது தண்ணீரால் அல்ல, தண்ணீர் வடிந்ததும் ஆசையோடு அழுத்திய செல்ஃப் பட்டனால். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் போக இடமில்லாமல், பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளையும்.

சைலன்ஸருக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, சாவி போடாமல், கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் துளை வழியே பீய்ச்சியடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டரையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். பிறகு ஆயில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை வடித்துப் புது ஆயில் ஊற்றி, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். புல்லட் என்றால் இடப்பக்கக் கிளட்ச் அறையின் ஆயிலுக்கும் சேர்த்துத்தான்.